எழுதி இயக்கும் அனிமேஷன் இயக்குநர் ஆவது எப்படி: பிராட் பேர்டின் பாதையைப் பின்பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

1957 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள கலிஸ்பெல் என்ற ஊரில் பிறந்த பிராட் பேர்ட், தன் முதல் அனிமேஷன் படத்தை வரையத் தொடங்கியபோது அவருக்கு வயது 11. தானே எழுதி இயக்கிய ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ படத்துக்காக முதல் ஆஸ்கர் விருதைக் கையில் வாங்கியபோது வயது 47. இடைப்பட்ட 36 ஆண்டுகளில் ஒரு பள்ளிச் சிறுவனின் பிடிவாதம், பெரிய கலைஞர் ஒருவரின் அரவணைப்பு, வேலை இழப்பு, எடுக்கப்படாமலே போன படங்கள், தொலைக்காட்சித் தொடர், வசூலில் தோற்ற ஓர் அருமையான படம் என்று எல்லாமே வந்து போயின. அனிமேஷன் படத்தை எழுதவும் இயக்கவும் விரும்பும் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான பாடத்திட்டம் கிடைப்பது அரிது என்பதால், அவருடைய வாழ்க்கைப் பாதையையே படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நாம் செய்யக்கூடிய வேலை என்ன என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நடிகர்களை வைத்துப் படம்பிடிக்கும்போது எழுதாத ஒன்றும் தற்செயலாகக் கேமராவுக்குள் வந்து விழும்: காற்றில் ஆடும் சேலைத் தலைப்பு, நடிகரின் ஒரு பெருமூச்சு, பின்னால் பறந்து செல்லும் காகம். அனிமேஷனில் ஒரு கதாபாத்திரம் கண் இமைப்பதுகூட யாரோ ஒருவர் முடிவெடுத்தால்தான் நடக்கும். ஆகவே திரைக்கதை என்பது தாளில் முடிந்து இயக்குநரிடம் ஒப்படைக்கப்படுவதில்லை. அது படங்களாக, குரல்களாக, நேர அளவுகளாக ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. எழுத்தும் இயக்கமும் ஒரே வேலையின் இரண்டு கைகள் என்பதே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை.

முதல் படி: ஒரு சிறு படத்தை முடித்துக் காட்டுங்கள்

பேர்ட் தன் 11-ஆம் வயதில் டிஸ்னி ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்த்தார். அதே வயதில் ஆமை முயல் கதையை வரையத் தொடங்கி, 14 வயதுக்குள் 15 நிமிடப் படமாக முடித்தார். அதைப் பார்த்த டிஸ்னியினர், தங்கள் மூத்த அனிமேட்டர்களில் ஒருவரான மில்ட் கால் அவருக்கு வழிகாட்ட வாய்ப்பளித்தார்கள். அந்தச் சிறுவனின் வரைதிறன் மட்டும் அவர்களைக் கவர்ந்திருக்காது; அவன் முடித்திருந்தான் என்பதே பெரிய விஷயம்.

முடிப்பது ஏன் கடினம் என்பதற்குக் கணக்கே சாட்சி. திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது அசையாத சட்டகங்கள், ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தும் வழக்கமான முறையில் ஒரு நொடிக்கு 12 படங்கள் வேண்டும். அப்படியானால் 15 நிமிடத்துக்கு 10,800 படங்கள். உங்கள் முதல் படம் 30 நொடிகளுக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது. அதற்கே 360 படங்கள் தேவை, நாளுக்குப் பத்து வரைந்தால் 36 நாள். வசனம் வேண்டாம். ஒரே கதாபாத்திரம், அதற்கு ஓர் ஆசை, குறுக்கே ஒரு தடை, அவ்வளவு போதும். உறியில் தொங்கும் தயிர்ப்பானையை எட்டப் பார்க்கும் பூனை என்று வைத்துக்கொண்டால், பூனை எத்தனை விதமாக முயல்கிறது, எந்த முயற்சியில் அதன் குணம் வெளிப்படுகிறது, கடைசியில் எட்டியதா இல்லையா என்பதே திரைக்கதை.

கருவிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பிளெண்டர், கிரிட்டா ஆகிய இரு மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் தன் முதல் முழுநீளப் படமான ‘அவே’யைத் தனி ஒருவராகவே உருவாக்கினார், பின்னர் ஒரு குழுவோடு சேர்ந்து பிளெண்டரில் செய்த, வசனமே இல்லாத ‘ஃப்ளோ’ 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. காட்சியை நீங்களே நடித்துப் பார்த்து, ஒவ்வோர் அசைவும் எத்தனை நொடி எடுக்கிறது என்று கைப்பேசியில் நேரம் குறித்துக்கொண்ட பிறகு வரையத் தொடங்குங்கள். முடித்த படத்தைக் கதை தெரியாத மூன்று பேருக்கு ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டி, என்ன நடந்தது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ அந்த இடத்தில் உங்கள் எழுத்து தடுமாறியிருக்கிறது.

இரண்டாம் படி: வரைவதை நடிப்பாகக் கற்றுக்கொள்ளுங்கள்

பள்ளிப் படிப்பை முடித்த பேர்ட், உதவித்தொகையோடு கலிபோர்னியாவிலுள்ள கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். கதாபாத்திர அனிமேஷனுக்கென்று 1975-இல் அங்கே தொடங்கப்பட்ட பிரிவில், பின்னாளில் பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தின் முதல் முழுநீளப் படத்தை இயக்கிய ஜான் லாசெட்டரும் அவரோடு படித்தார். அந்த மாணவர்கள் பயன்படுத்திய வகுப்பறையின் எண் ஏ113. பிற்காலத்தில் அந்த எண்ணை அவர்கள் தங்கள் படங்களில் வண்டி எண்ணாகவும் கதவு எண்ணாகவும் வைத்து வருவதை, ஒரு தலைமுறை தன் பள்ளிக்குச் செலுத்தும் நன்றியாகவே நான் பார்க்கிறேன்.

நம் நாட்டில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளி, சென்னை தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் ஆகியவற்றில் அனிமேஷன் கற்பிக்கப்படுகிறது. எங்கே சேர்ந்தாலும், மென்பொருள் பயிற்சியைக் கடைசி இடத்தில் வையுங்கள். மென்பொருள் சில ஆண்டுகளில் மாறிவிடும். உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது, பொய் சொல்பவன் எந்தக் கணத்தில் கண்ணைத் திருப்புகிறான் என்ற கவனிப்பு மாறாது. பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு படத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் செலவிடாமல் மனிதர்களை வரைந்து பழகுங்கள். கூடவே நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து மேடையில் நிற்பது, வகுப்பில் சொல்லித்தர முடியாத ஒன்றைக் கற்றுத்தரும்: நடிப்பவருக்கு எந்தக் குறிப்பு உதவுகிறது, எது குழப்புகிறது என்பதை உடலால் உணர்வீர்கள்.

மூன்றாம் படி: ஸ்டுடியோவில் சரியான நாற்காலியைத் தேடுங்கள்

கல்லூரிக்குப் பின் டிஸ்னியில் சேர்ந்த பேர்ட், 1981-இல் வெளியான ‘தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட்’ படத்தில் அனிமேட்டராகப் பணியாற்றினார். அங்கே தரம் இறங்கிவருவதாக அவர் கருதினார், அதை வெளிப்படையாகச் சொன்னார், வேலையை இழந்தார்.

ஸ்டுடியோவில் கதைப் பிரிவு, வடிவமைப்பு, லேஅவுட் (ஷாட்டில் கேமராவும் பாத்திரங்களும் எங்கே என்று அமைப்பது), அனிமேஷன், ஒளியமைப்பு, எடிட்டிங் எனப் பல துறைகள் உண்டு. எல்லாத் துறைகளிலிருந்தும் இயக்குநர்கள் வந்திருக்கிறார்கள் என்றாலும், எழுதி இயக்க விரும்புபவருக்குக் கதைப் பிரிவே, அதாவது ஸ்டோரிபோர்டு வரையும் இடமே, மிக நெருக்கமான வாசல். ஸ்டோரிபோர்டு என்ற முறையே 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் வளர்ந்ததுதான். கதையைத் தாளில் எழுதுவதைவிடச் சுவரில் படங்களாகக் குத்திவைத்து, பிடுங்கி, மாற்றிக் குத்துவது எளிது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். வேறு துறையில் வேலை கிடைத்தால் மறுக்க வேண்டாம். மாலையில் ஸ்டோரிபோர்டு வரைந்து, கதைப் பிரிவில் உள்ளவர்களிடம் காட்டிக்கொண்டிருங்கள். குறையைச் சொல்ல நேரும்போது மாற்று வழியை வரைந்து எடுத்துச்சென்று சொல்லுங்கள். வரைபடத்தோடு வரும் விமர்சனத்தை யோசனையாக ஏற்கும் மனிதர்கள், வெறும் வாயால் சொல்வதைக் குற்றச்சாட்டாகவே கேட்பார்கள்.

நான்காம் படி: படம் நடக்காத ஆண்டுகளில் எழுதுங்கள்

டிஸ்னியை விட்டு வந்தபின், வில் ஐஸ்னரின் ‘தி ஸ்பிரிட்’ சித்திரக்கதையை முழுநீள அனிமேஷன் படமாக்க பேர்ட் முயன்றார். பணம் திரளவில்லை, படம் நடக்கவில்லை. ஆனால் அதே பத்தாண்டுக்குள், நடிகர்கள் நடித்த ‘பேட்டரீஸ் நாட் இன்க்ளூடட்’ படத்தின் திரைக்கதையில் பங்கேற்றார். ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ தொலைக்காட்சித் தொடருக்காக, ஒரு குடும்பத்தை அதன் நாயின் பார்வையில் சொல்லும் ‘ஃபேமிலி டாக்’ என்ற அனிமேஷன் பகுதியை எழுதி இயக்கினார். இரண்டும் 1987-இல் வெளிவந்தன. அனிமேட்டராக மட்டும் அறியப்பட்டவர் எழுத்தாளராகவும் இயக்குநராகவும் அறியப்பட்டது இந்த இடைவெளியில்தான்.

இந்தக் கட்டத்தில் இருப்பவர் மூன்று கதைகளை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்: ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்று, அரைமணி நேரக் கதை ஒன்று, முழுநீளப் படம் ஒன்று. ஒவ்வொன்றையும் முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தைக் கேட்பவர் “அப்புறம்?” என்று கேட்காவிட்டால் மேலே போக வேண்டாம். கேட்டால் ஒரு பக்கமாகவும், பிறகு பத்துப் பன்னிரண்டு பக்கமாகவும் விரித்து, அதன் பிறகே காட்சி காட்சியாகத் திரைக்கதை எழுதுங்கள். அனிமேஷன் திரைக்கதையில் உள்மன விளக்கங்களுக்கு இடம் குறைவு. ‘அவளுக்குத் தன் ஊர் நினைவு வந்தது’ என்று எழுதினால் வரைபவரின் கை நின்றுவிடும். ‘டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவள், மணத்தை முகர்ந்ததும் குடிக்காமல் கீழே வைக்கிறாள்’ என்று எழுதினால் உடனே வரையத் தொடங்குவார்.

எழுதியதை வெளியே காட்டும் முன் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ, மும்பையிலுள்ள திரைக்கதை எழுத்தாளர்கள் சங்கத்திலோ உறுப்பினராகிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெறும் யோசனைக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது, எழுதி வடிவம் பெற்றதற்கே உண்டு என்பதால், விரிவாக எழுதிப் பதிவு செய்வதே உங்களுக்குப் பலம்.

ஐந்தாம் படி: தொலைக்காட்சியின் நெருக்கடியில் பழகுங்கள்

1989-இல் தொடங்கிய ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் பேர்ட் முதல் எட்டுப் பருவங்கள் ஆலோசகராக இருந்தார். 1990-இல் கிரஸ்டி என்ற கோமாளியைச் சுற்றி நடக்கும் ஒரு பகுதியையும் இயக்கினார். தொலைக்காட்சியில் பணமும் நாளும் குறைவு. அசைவைச் செழிப்பாகக் காட்ட முடியாதபோது, எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம், எந்த இடத்தில் வெட்டுகிறோம், எவ்வளவு நேரம் ஒன்றும் அசையாமல் நிறுத்துகிறோம் என்பவையே இயக்குநரின் ஆயுதங்கள் ஆகின்றன. பேர்டின் பிற்காலப் படங்களில் ஒவ்வொரு ஷாட்டும் முடிவெடுத்து வைத்ததாகத் தெரிவதற்கு இந்த ஆண்டுகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி உண்டு. இருவர் வீட்டு வாடகை பற்றிப் பேசும் ஒரு நிமிடக் காட்சியை எழுதி, அதை எட்டே படங்களில், எதுவும் அசையாமல், குரலை மட்டும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பிறகு அதே காட்சியை, யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்பது நடுவில் கைமாறும்படி வேறு எட்டுப் படங்களில் வரையுங்கள். வசனத்தில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது.

ஆறாம் படி: முழுநீளப் படத்துக்கு ஒரு கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில், கவிஞர் டெட் ஹியூஸ் 1968-இல் வெளியிட்ட சிறுவர் நூல் ஒன்றைப் படமாக்கும் திட்டம் பேர்டின் கைக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய சகோதரி துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தார். அந்தத் துயரத்திலிருந்து அவர் ஸ்டுடியோ முன் வைத்த கேள்வி இது: ஒரு துப்பாக்கிக்கு ஆன்மா இருந்து, தான் துப்பாக்கியாக இருக்க அது விரும்பாவிட்டால் என்ன ஆகும்? வானிலிருந்து வந்து விழும் ராட்சத இரும்பு மனிதனைப் பற்றி 1999-இல் வெளியான ‘தி அயர்ன் ஜயண்ட்’ முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. கதைக்கருவை பேர்ட் அமைக்க, திரைக்கதையை டிம் மெக்கான்லிஸ் எழுதினார்.

கேள்வி கிடைத்துவிட்டால் மற்ற முடிவுகள் அதன் பின்னால் வரிசையாக வரும் என்பதை இந்தப் படத்தில் பார்க்கலாம். மூல நூல் இங்கிலாந்தில் நடக்கிறது. பேர்ட் கதையை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்கு, 1957-ஆம் ஆண்டுக்கு, சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் வானில் சுற்றிய பனிப்போர்க் காலத்துக்குக் கொண்டுபோனார். எல்லாரும் வானத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் ஊரில் ஆயுதமாகப் படைக்கப்பட்ட ஒன்று வந்து விழுந்தால்தான், அது ஆயுதமாக இருக்க மறுப்பது பெரிய செயலாகத் தெரியும். தொழில்நுட்பமும் அந்தக் கேள்வியையே பின்பற்றியது. மனிதர்களெல்லாம் கையால் வரையப்பட்டிருக்க, இரும்பு மனிதன் மட்டும் கணினியில் உருவாக்கப்பட்டான். இந்த உலகத்தைச் சேராதவன் அவன். ஆனால் ஒரேயடியாக ஒட்டாமல் போய்விடக் கூடாது என்பதற்காக, அவனுடைய கோடுகள் கையால் வரைந்தவைபோல மெல்ல நடுங்கும்படி ஒரு நிரலையும் எழுதினார்கள்.

பின்னர் பிக்சாரில் அவர் எடுத்த ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ கதைக்கு வித்து இன்னும் எளிமையானது. படவேலையில் முழுமையாக இறங்கினால் குடும்பத்தை இழப்போமோ, குடும்பத்தோடு இருந்தால் படத்தை இழப்போமோ என்ற கவலை பேர்டுக்கு இருந்தது. அந்தக் கவலையை அவர் சூப்பர் ஹீரோக்களின் உடலில் ஏற்றினார். குடும்பத்தைத் தாங்க வேண்டிய அப்பாவுக்கு வலிமை. எல்லாப் பக்கமும் இழுக்கப்படும் அம்மாவுக்கு ரப்பராக நீளும் உடல். யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று கூசும் பதின்வயதுப் பெண்ணுக்கு மறையும் ஆற்றல். ஓரிடத்தில் நிற்காத பையனுக்கு வேகம். என்னவாக வளரும் என்று தெரியாத கைக்குழந்தைக்கு எதுவும் சாத்தியம். ஒவ்வோர் ஆற்றலும் அந்தக் கதாபாத்திரம் வீட்டில் என்னவாக இருக்கிறது என்பதையே சொல்கிறது. உங்கள் கதையில் ஒரு விந்தையைச் சேர்க்கும்போதெல்லாம் அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். விந்தை போன பிறகும் குணம் மாறாமல் இருந்தால், அந்த விந்தை வெறும் அலங்காரம்.

ஏழாம் படி: ஸ்டோரி ரீலில் திரும்ப எழுதுங்கள்

இந்தத் தொழிலின் இதயம் இந்தப் படிதான். மற்றவற்றைவிட இதில் அதிக காலம் செலவிடுங்கள். ஸ்டோரி ரீல் அல்லது அனிமேட்டிக் என்பது, ஸ்டோரிபோர்டு படங்களை நேர அளவோடு அடுக்கி, தற்காலிகக் குரல், இசை, ஓசை ஆகியவற்றைச் சேர்த்து ஓடவிடும் வரைவுப் படம். ஒன்றரை மணி நேரப் படத்தில் 1,29,600 பிரேம்கள் இருக்கின்றன. அனிமேஷன் முடிந்தபின் ஒரு காட்சி தேவையில்லை என்று தெரிந்தால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். ரீலில் தெரிந்தால் சில நாள் வேலைதான் போகும்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். திரைக்கதையை இருபது முப்பது பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் கதை திரும்புகிறதோ அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பக் காட்சியிலிருந்து வரிசையாகப் போகத் தேவையில்லை. தீப்பெட்டி அளவுப் படங்களாகப் பத்துப் பன்னிரண்டு விதமாகக் கிறுக்கிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு பெரிதாக வரையுங்கள். கதாபாத்திரத்தின் எண்ணம் மாறும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படம் என்பது நல்ல அளவு. வசனங்களை நண்பர்களைப் பேசவைத்துப் பதிவு செய்து, எடிட்டிங் மென்பொருளில் அடுக்கி, முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள். தாளில் சிரிக்கவைத்த வரி ரீலில் சிரிக்கவைக்காது. அழவைக்கும் என்று நினைத்த காட்சி மூன்று நொடி மௌனம் இல்லாததால் அழவைக்காமல் போகும். இவற்றை வாசித்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

‘தி இன்கிரெடிபிள்ஸ்’ ரீலில் நடந்த இரண்டு மாற்றங்கள் எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாக இதைக் கற்றுத்தருகின்றன. முதல் வரைவில் படத்தின் முக்கிய வில்லன் வேறொருவன். சிண்ட்ரோம் என்பவன் தொடக்கக் காட்சியில் வந்து அங்கேயே அழிந்துபோகும் சிறு பாத்திரம். பார்த்தவர்களுக்கு அவனையே அதிகம் பிடித்துப்போனதால், பழைய வில்லன் நீக்கப்பட்டு சிண்ட்ரோம் படம் முழுவதற்கும் எதிரியானான். இன்னொன்று: குடும்பத்தின் அம்மா தீவுக்குப் பறக்கும் விமானத்தை ஓட்டுவதற்காக ஸ்னக் என்ற நண்பர் ஒருவர் எழுதப்பட்டிருந்தார், ஏவுகணைத் தாக்குதலில் அவர் இறப்பதாக இருந்தது. அவரை எடுத்துவிட்டு, விமானத்தை அந்த அம்மாவே ஓட்டும்படி மாற்றினார்கள். ஒரு பாத்திரம் குறைந்தது. அம்மாவின் பழைய வாழ்க்கை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் வெளிப்பட்டது. பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் ரேடியோவில் கத்தும்போது நம் மூச்சும் நின்றுபோகிறது.

பிக்சாரில் சில மாதங்களுக்கு ஒருமுறை ரீலைச் சக இயக்குநர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் கருத்தைக் கேட்பது வழக்கம். அந்தக் கூட்டத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. குறை எங்கே என்று அவர்கள் சொல்வார்கள். தீர்வை இயக்குநரே காண வேண்டும். உங்கள் ரீலைப் பார்ப்பவர்களிடமும் இப்படியே கேளுங்கள்: எங்கே சலிப்பு வந்தது, எங்கே புரியவில்லை, எங்கே நம்பவில்லை. எப்படித் திருத்தலாம் என்று அவர்கள் சொல்வதைப் பணிவோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மருந்தை நீங்களே தேடுங்கள்.

எட்டாம் படி: குரலையும் அசைவையும் இயக்குங்கள்

அனிமேஷனில் பெரும்பாலும் குரல் முதலில் பதிவாகிறது; அதற்கேற்ப அசைவு பின்னர் வருகிறது. வேகமாக ஓடும் சிறுவன் டாஷுக்குக் குரல் கொடுத்த ஸ்பென்சர் ஃபாக்ஸ் உண்மையாகவே மூச்சிரைக்க வேண்டும் என்பதற்காக, பேர்ட் அவரை ஸ்டுடியோவைச் சுற்றி ஓடவைத்த பிறகு பதிவு செய்தார். உடைகளை வடிவமைக்கும் எட்னா மோடுக்கு பேர்டே தற்காலிகக் குரல் கொடுத்திருந்தார். கடைசியில் அந்தக் குரலே படத்தில் நிலைத்துவிட்டது.

அனிமேட்டரிடம் பேசும்போது ‘கையை இன்னும் கொஞ்சம் உயர்த்து’ என்று தொடங்காதீர்கள். ‘இவன் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான், ஆனால் கேட்கும் துணிவு இன்னும் வரவில்லை’ என்று சொல்லுங்கள். கை எங்கே போக வேண்டும் என்பது அவருடைய கலை. பிக்சாரில் அனிமேட்டர்கள் எல்லாரையும் ஓர் அறையில் சேர்த்து, ஒருவருடைய ஷாட்டை மற்றவர்கள் முன்னிலையிலேயே பார்த்து, படத்தின் மேலேயே வரைந்து குறிப்புச் சொல்வது பேர்டின் முறை. அனிமேட்டர்களையும் கருத்துச் சொல்லுமாறு அவர் கேட்டுக்கொண்டார். அவர்களில் ஒருவர் வாய்திறக்க இரண்டு மாதம் ஆனது என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு மாதத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர் குழுவை நடத்துவது கடினம்.

செலவும் இயக்குநரின் பொறுப்பே. மனிதர்கள், நீர், நெருப்பு, நீண்ட கூந்தல் என்று அன்றைய கணினிக்குக் கடினமான எல்லாமே ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ திரைக்கதையில் இருந்தன. பத்தாண்டும் 50 கோடி டாலரும் ஆகும் என்று தொழில்நுட்பப் பிரிவில் முதலில் கவலைப்பட்டார்கள். தேவைப்பட்டால் நீச்சல் குளத்தில் தண்ணீர் தெறிப்பதைக் கேமராவில் பிடித்து ஒட்டிக்கொள்வேன் என்றுகூட பேர்ட் சொன்னார். அப்படிச் செய்ய நேரவில்லை. ஆனால் எல்லா ஷாட்டும் முழு நிறைவோடு இருக்கத் தேவையில்லை என்பது குழுவுக்குப் புரிந்தது. உங்கள் ஷாட் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: உயிரைக் கொடுத்துச் செய்ய வேண்டியவை, ஒழுங்காக இருந்தால் போதுமானவை, பார்வையாளர் கண் வேறிடத்தில் இருப்பதால் எளிதாக முடிக்கக்கூடியவை. முதல் வகையில் கதை திரும்பும் இடங்கள் மட்டுமே இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: பிறர் கதையை ஏற்க நேர்ந்தால்

‘ராட்டடூயி’ படத்தின் மூல யோசனை ஜான் பின்காவாவுடையது. கதை சிக்கலில் நின்றபோது 2005-இல் பொறுப்பு பேர்டிடம் வந்தது; 2007 ஜூனில் படம் வெளியானது. சமையல்காரனாக விரும்பும் எலி என்ற அடிப்படையை அவர் தொடவில்லை. ஆனால் உயிரோடு இருந்த சமையல் மேதை குஸ்டோவை இறந்தவராக்கினார். சமையலறைப் பெண் கொலெட்டுக்கும் எதிரி ஸ்கின்னருக்கும் கூடுதல் இடம் தந்தார். மனிதச் சாயல் கூடியிருந்த எலிகளை மீண்டும் நான்கு காலில் நடக்கும் எலிகளாக்கினார். கதாநாயகன் ரெமி மட்டும் இரண்டு காலில் நடக்கிறான். உணவைத் தொடும் கை அழுக்காகக் கூடாது என்பது அவன் நியாயம். நடையிலேயே குணமும், கூட்டத்திலிருந்து விலகலும், அப்பாவோடு வரப்போகும் மோதலும் எழுதப்பட்டுவிடுகின்றன. இது எழுத்தாளரின் முடிவா, இயக்குநரின் முடிவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிறர் கதையை ஏற்பவர், முதல் வாரத்தில் எதையும் மாற்றாமல், இருக்கும் ரீலை இரண்டு முறை பார்த்து, எந்த ஒன்றை எடுத்தால் இந்தக் கதையே இல்லாமல் போகுமோ அதை எழுதிவைக்க வேண்டும். அதுவரை உழைத்தவரின் பெயர் உரிய இடத்தில் வருவதையும் கவனித்துக்கொள்ள வேண்டும். ‘ராட்டடூயி’யில் பின்காவாவின் பெயர் இணை இயக்குநராக இருக்கிறது.

பத்தாம் படி: வெளியீட்டுக்குப் பின்

‘தி அயர்ன் ஜயண்ட்’ விமர்சகர்களால் கொண்டாடப்பட்டும், போதிய விளம்பரமின்றித் திரையரங்கில் தோற்றது. பேர்ட் அடுத்த ஆண்டு பிக்சாருக்குப் போனபோது அந்தப் படத்தில் உழைத்த பலரை உடன் அழைத்துச் சென்றார். அங்கே ஏற்கெனவே இருந்தவர்களில், தங்கள் யோசனைக்கு யாரும் காது கொடுக்கவில்லை என்று மனம் வெதும்பியிருந்தவர்களையும் தேடிச் சேர்த்துக்கொண்டார். தோற்ற படத்திலிருந்து அவர் எடுத்துச்சென்ற சொத்து அந்த மனிதர்களே. ஒரு படம் முடிந்த வாரத்திலேயே, யாரோடு மறுபடி வேலை செய்ய விரும்புகிறீர்கள், அவர் எதில் சிறந்தவர் என்று பெயர் பெயராக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் அவர் நடிகர்களை வைத்து 2011-இலும் 2015-இலும் படங்களை இயக்கி, 2018-இல் ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ படத்தோடு அனிமேஷனுக்குத் திரும்பினார். அந்தப் படத்தின் வெளியீடு இன்னொரு பிக்சார் படத்தோடு இடம் மாற்றப்பட்டதால் கையிலிருந்த காலத்தில் ஓராண்டு குறைந்தது. காலம் குறையும்போது முதலில் நெருக்கடிக்கு உள்ளாவது கதைதான் என்பதால், எந்தப் படத்திலும் இறுதிப் பகுதியின் ரீலை மிக முன்னதாகவே செய்து வைத்திருப்பது பாதுகாப்பு.

எழுதியவற்றையும், நீக்கிய காட்சிகளையும், முதல் கிறுக்கல்களையும் தேதியிட்டு ஓரிடத்தில் வைத்திருங்கள். 1990-களில் பேர்ட் உருவாக்கி, அன்று யாரும் எடுக்க முன்வராத ‘ரே கன்’ என்ற துப்பறியும் கதையை, 2022-இல் ஸ்கைடான்ஸ் அனிமேஷன் நிறுவனம் அவரையே இயக்குநராகக் கொண்டு தயாரிக்க முன்வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.